முப்பத்திரண்டு படியும் மூணு வாடகைக்காரர்களும்

வீட்டை வாடகைக்கு விட்டா காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம்னு சொல்றவங்க யாரும் மாசாமாசம் மாடிப்படி ஏறினவங்க இல்லை.

பிரிக்பீல்ட்ஸ்ல காலமான என் புருஷன் விட்டுட்டுப் போன கடைவீடு ஒண்ணு இருக்கு. கீழே குணாவோட வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மேலே ரெண்டு ரூம். ஒண்ணுல செபஸ்தியன், கண் தெரியாதவர், மசாஜ் சென்டர்ல வேலை. இன்னொண்ணுல முனியாண்டி அண்ணன், லோரி ஓட்டி ரிட்டையர் ஆன ஒத்தை ஆள். பதினெட்டு வருஷமா ஒன்னாந்தேதின்னா கிள்ளான்லேர்ந்து ரயிலேறி வந்து, முப்பத்திரண்டு படி ஏறி, ரொக்கமா வாங்கிட்டிருந்தேன். போன வருஷம் முழங்கால் மக்கர் பண்ணுச்சு. இனிமே கையில காசு வாங்குறதில்லைன்னு முடிவு பண்ணேன். என்னை மாதிரி வீட்டு ஓனர்களே, அப்புறம் நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

படிவாசல்ல கியூஆர்

என் மக என் பேங்க் கணக்கோட கியூஆர் கோடு ஒண்ணை பிரிண்ட் எடுத்துக் குடுத்தா. போறப்ப வர்றப்ப ஸ்கேன் பண்ணட்டும்னு படிவாசல்ல ஒட்டினேன். அது குணாவோட கல்லாவுக்குப் பக்கத்துச் சுவருங்கிறது எனக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் மத்தியானம் கிள்ளான்ல துணி காயப்போட்டுட்டிருக்கேன், போன் விடாம அடிக்குது. பன்னெண்டு ரிங்கிட் வந்திருக்கு, பதினாலு ரிங்கிட் ஐம்பது காசு வந்திருக்கு, எல்லாம் தெரியாத பேரு. ஏமாத்துக்காரங்க வேலைதான்னு போலீசுக்குக் கிளம்பிட்டேன். அப்பத்தான் குணா கூப்பிட்டான். கோபப்படலை பாவம், களைச்சுப்போன குரல்ல சொன்னான்:

"அக்கா, சாப்பாட்டுக் காசு பூரா உங்களுக்குத்தான் வருது. நாளைக்கு வந்து சாம்பாரையும் நீங்களே ஊத்திடுங்க லா."

செபஸ்தியனுக்குச் சலுகை

கியூஆரைக் கிழிச்சுட்டு, எல்லாரும் பேங்க் டிரான்ஸ்பர்னு சொன்னேன். செபஸ்தியனுக்கு மட்டும் விதிவிலக்கு. கண் தெரியாத மனுஷன் போன்ல எங்கே தட்டுவார்னு நானே நினைச்சுக்கிட்டு, நீங்க ரொக்கமா குணாகிட்ட குடுத்துடுங்கன்னு பெரிய மனசு பண்ணிச் சொன்னேன். அவர் போனைக் காதுகிட்ட வெச்சார். திரையில இருக்கிறதை அது படபடன்னு வாய்விட்டுப் படிச்சுது. ரெண்டு தட்டு தட்டினார். என் கைப்பைக்குள்ள போன் மணி அடிச்சுது. நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி, ரகசிய எண்ணை ரெண்டு தரம் தப்பா அடிச்சு, பணம் வந்துடுச்சான்னு பார்க்கிறதுக்குள்ள அவர் டீயே குடிச்சு முடிச்சுட்டார். எனக்கு வெட்கமாப் போச்சு. அவர்தான் சொன்னார்:

"ஆன்டி, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, நான் ரொக்கமாவே தர்றேன்."

தானா வந்த வாடகை

முனியாண்டி அண்ணன் ஒன்னாந்தேதியில எனக்குன்னு ரெண்டு வடை வாங்கி வெச்சிருப்பார். டிரான்ஸ்பர்னதும், அப்போ நீங்க வரமாட்டீங்களான்னு ஒரு தடவை கேட்டார். எதுக்கண்ணே வீணா ஏறி இறங்கணும்னு சொல்லிட்டேன். கணக்குலேர்ந்து தேதிக்கு எடுத்துக்கச் சொல்லி அவரும் பேங்க்ல எழுதிக் குடுத்துட்டார். அதுக்கப்புறம் மாசாமாசம் வாடகை தானா வந்து விழுந்துச்சு. இவரை மாதிரி வாடகைக்காரர் யாருக்குக் கிடைப்பாங்கன்னு எல்லார்கிட்டயும் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன்.

நாலாவது மாசமும் வாடகை டாண்ணு வந்துச்சு. மறுநாள் செபஸ்தியன் போன் பண்ணி, அண்ணன் பதினெட்டு நாளா ஆஸ்பத்திரியில கிடக்காரே, உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டார். கால்ல புண்ணாம், சக்கரை. விழுந்தடிச்சு ஓடினேன். பாதி ஆளா இளைச்சுப்போயிருந்தார். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதான்னு திட்ட ஆரம்பிச்சவ, திட்டி முடிக்க முடியாம அழுதுட்டேன். அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

"வாடகைதான் தேதிக்கு வந்துடுதே தங்கச்சி, அப்புறம் நீங்க எதுக்கு என்னைத் தேடப்போறீங்கன்னு இருந்துட்டேன்."

அண்ணன் தேறி ரூமுக்குத் திரும்பிட்டார். இப்போ ரொக்கம், டிரான்ஸ்பர் எது குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா ஒன்னாந்தேதி முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கிட்டு, ரெண்டு வடையோட நான்தான் படி ஏறுறேன்.