அம்மா வாங்கிய கியர் ஆயில்

அப்பாவின் இடது முழங்காலில் தகடு வைத்த வருஷம்தான் எங்கள் வீட்டுக்குக் கார் வந்தது. இனி கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் கியர் தானாக மாறுகிற பழைய வண்டி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். நெமிலிச்சேரியில் எங்கள் தெருவில் அப்படிப்பட்ட வண்டி அது ஒன்றுதான். வாங்கிய மூன்றாம் மாதம் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதை அப்பா எதிர்பார்க்கவில்லை. ஐந்தாம் மாதம் அவரைவிட நன்றாக ஓட்டினாள். அதை அவர் மன்னிக்கவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா கல்யாணத்துக்கு முன் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள். எந்தத் திரவத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல், முகர்ந்து பார்க்காமல் விடமாட்டாள். பால்காரர் முதல் பினாயில் விற்பவர் வரை எல்லோருக்கும் அது தெரியும். காருக்கும் அதே கதிதான். ஒருநாள் சாயங்காலம் ஆவடி மார்க்கெட்டிலிருந்து திரும்பியதும், இன்ஜினை அணைக்காமலே பானெட்டைத் திறந்தாள். கியர் பெட்டியின் அளவுக் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்தாள். திரும்ப விட்டு எடுத்து என் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாரு. என்ன வாசனை?"

அடிபிடித்த குழம்பு வாசனை என்றேன். அம்மாவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. புதிதாக இருக்கும்போது இந்த ஆயில் ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்கும் என்றும், இப்போது டிகாஷன் மாதிரி ஆகிவிட்டது என்றும் சொன்னாள். ரிவர்ஸிலிருந்து முன்னால் மாற்றினால் வண்டி ஒரு நொடி யோசித்து, பிறகு உதறிக்கொண்டு நகர்வதற்கும் காரணம் அதுதானாம்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "வித்தவன் இன்னா சொன்னான்? இந்த ஆயிலு வண்டி ஆயுசுக்கும் வரும், மாத்தவே வேணாம்னான்."

"விக்கிறவன் அப்படித்தான் சொல்லுவான். புக்குல நாப்பதாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும்னு போட்டிருக்கு. இது அதத் தாண்டி எவ்வளவோ ஓடிடுச்சு."

"அப்ப புக்கையே ஓட்டச் சொல்லு."

அவசரம் அம்மாவுக்குத்தான். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் அவளுக்கு மறுபடி ஆய்வக வேலை கிடைத்திருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த வேலை. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாறவேண்டும், காலையில் என்னைத் தயார் செய்து அனுப்பவும் நேரம் இருக்காது. காரில் போனால் பூந்தமல்லியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்படியே போய்விடலாம். அப்பா அப்போது மருத்துவ விடுப்பில் வீட்டில் இருந்ததால் வண்டியைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். சம்மதித்ததைத் தினமும் ஒருமுறை நினைவூட்டவும் செய்தார்.

அம்மா என்னை அழைத்துக்கொண்டு ஆவடியில் ஒரு உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் எடுத்து வைத்த டப்பாவை அங்கேயே திறக்கச் சொல்லி, மூடியில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு. கண்ணாடி போல் தெளிந்த சிவப்பு. அவர் சிரித்துவிட்டு, "அக்கா, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு இதான். வேற எதையும் ஊத்திடாதீங்க," என்றார். நான்கு டப்பாவும், அடைப்புத் திருகுக்கு ஒரு புது வாஷரும் வாங்கிக்கொண்டோம். வழியெல்லாம் அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் வண்டியைச் சூடேறும் வரை ஓட்டவேண்டும். பிறகு அடியில் திருகைக் கழற்றிப் பழையதை வடித்து, எவ்வளவு வந்தது என்று அளக்கவேண்டும். அதே அளவு புதிதாக ஊற்றவேண்டும். ஒரே தடவையில் எல்லாப் பழசும் இறங்காது, பாதி உள்ளேயே நின்றுவிடும். அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. திங்கட்கிழமை வேலையில் சேருவதற்குள் முதல் தடவை முடிந்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனாள். எனக்கு லேசான காய்ச்சல் இருந்ததால் வீட்டிலேயே இருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா தன் லோடு வேனில் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கு ஏற்றி ஓட்டுபவர் அவர். அண்ணி வருவதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்று வண்டிக்கு அடியில் நுழைந்தார். பழைய ஆயில் கறுப்பாக இறங்கியது. யாரும் அளக்கவில்லை. பிறகு அம்மா வாங்கிய டப்பாவைத் திறந்து, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னாண்ணா இது, தண்ணி மாறி கீது? கியருக்கு ஊத்துறது தேன் மாறி இருக்க வேணாமா? அண்ணிய நல்லா ஏமாத்திகிறான்."

வேனிலிருந்து தன்னுடைய டப்பாவைக் கொண்டுவந்தார். அப்பா அம்மாவின் டப்பாவை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியும். படித்தாரா என்று தெரியாது.

"ஊத்துடா," என்றார்.

புனலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். மஞ்சளாக, கெட்டியாக, அழுகின முட்டை நாற்றத்தோடு அது மெல்ல இறங்கியது. சிவப்பு டப்பாக்கள் நான்கையும், தன் வேனின் பவர் ஸ்டீயரிங்குக்கு ஆகும் என்று சித்தப்பா எடுத்துப்போனார். அவர் போனதும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. சொன்னா ஒரு வாரத்துக்குப் பாடம் நடத்துவா," என்று கண்ணடித்தார். அப்பாவோடு ஒரு ரகசியம் இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா கோயிலிலிருந்து வந்ததும், "ஊத்தியாச்சு. நீ சொன்ன மாதிரியே," என்றார் அப்பா. அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. புடவைகூட மாற்றாமல் வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு பானெட்டிடம் போனாள்.

"அதான் நான் பாத்துட்டேன்னு சொல்றேன்ல. நம்பிக்கை இல்லியா?"

அம்மா ஒரு கணம் நின்றாள். தான் சொன்ன ஒன்றை அப்பா முதல்முறையாகக் கேட்டிருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று நினைத்திருப்பாள். துணியை மடித்து வைத்துவிட்டு உள்ளே போய், அன்றைக்கு மட்டன் குழம்பு வைத்தாள்.

திங்கள், செவ்வாய் வண்டி முனகிக்கொண்டே ஓடியது. புதன்கிழமை அம்மா, "முன்னவிட மோசமா இருக்கே, பழசு இன்னும் உள்ள நிக்குது போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை காலை பூந்தமல்லி சிக்னலில் பச்சை விழுந்தது. இன்ஜின் அலறியது, வண்டி அசையவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. "ஓட்டத் தெரியலன்னா இன்னாத்துக்கும்மா வண்டிய எடுத்துகினு வர?" என்று பைக்கில் வந்த ஒருவன் கேட்டுவிட்டுப் போனான். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர்தான் இறங்கி வந்து, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் பாய் ஒருவரின் மெக்கானிக் ஷெட் வரைக்கும் தள்ளிக்கொடுத்தார்.

அம்மா கல்லூரிக்குப் போன் செய்து தாமதமாகும் என்றாள். அப்பாவுக்கும் செய்தாள். சித்தப்பாவின் வேனில் அப்பா வந்து சேர்ந்தபோது பாய் அளவுக் கம்பியை உருவி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு ஊத்துனது இத? லாரி கியருக்கு ஊத்துறதாச்சே. இந்த வண்டிக்கு இது வெசம். உள்ள பிளேட்டெல்லாம் கருகிப் போய்கீது."

அப்பா உடனே சொன்னார், "எங்க வூட்லதான் கடைக்குப் போய் வாங்கினு வந்தாங்க. நாங்க அத அப்படியே ஊத்துனோம்."

பாய் நல்ல மனிதர். "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டானா இன்னாம்மா?" என்று பதமாகக் கேட்டார்.

"இல்ல பாய். நான் வாங்குனது சிவப்பு. மூடியில ஊத்திப் பாத்துட்டுத்தான் வாங்குனேன். என் பொண்ணு கூட இருந்தா, கேளுங்க." அம்மா என் பக்கம் திரும்பிக் குனிந்தாள். குரலில் துளி சந்தேகமும் இல்லை. "சொல்லும்மா. நாம வாங்குனது என்ன கலரு?"

அப்பா என்னை முறைத்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் முறைக்கவில்லை. எதற்கும் யாரிடமும் கெஞ்சாதவர், பத்து வயதுப் பெண்ணைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் என் கையில் இருப்பது போலிருந்தது.

"மஞ்சள்," என்றேன்.

"கொழந்த பொய் சொல்லாது," என்றார் சித்தப்பா.

அம்மா குனிந்தபடியே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மீதி ஆயில் எங்கே, காலி டப்பா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அப்படிக் கேட்கத் தெரியாதவளும் இல்லை. நிமிர்ந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "சரி பாய். மஞ்சளாத்தான் இருந்திருக்கும்," என்றாள்.

அந்தக் கியர் பெட்டியைச் சரி செய்வதும் வேறு வண்டி வாங்குவதும் ஒன்றுதான் என்று பாய் சொல்லிவிட்டார். வண்டி அந்த ஷெட்டிலிருந்து திரும்பி வரவில்லை. அம்மா மூன்று வாரம் பஸ்ஸில் போய்வந்தாள். நான் இரண்டு நாள் பள்ளிக்குத் தாமதமானேன். ஒருநாள் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துவைக்க நேரமில்லாமல் போயிற்று. நான்காவது வாரம் வேலையை விட்டுவிட்டாள். உறவினர் வந்தால், படித்த பெண் ஒருத்தி ஆயில் வாங்கப் போன கதையை அப்பா நகைச்சுவையாகச் சொல்வார். அம்மா காபி கொண்டுவந்து வைப்பாள். பிறகு யார் வண்டியிலும் ஓட்டுநர் பக்கம் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஷெட்டிலிருந்து வந்த அன்று அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. வழக்கம்போல் அம்மா தலைவாரிவிட்டாள், சாப்பாடு போட்டாள், ஹோம்வொர்க் பார்த்தாள். அவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே நிம்மதி. ஒன்றே ஒன்றுதான் மாறியது. அதற்குப் பிறகு அம்மா என்னை எதுவும் கேட்கவில்லை. கேஸ்காரர் வந்தாரா, அப்பா என்ன சொன்னார், இதை யார் உடைத்தது, எதையும் கேட்கவில்லை. பால் கெட்டுவிட்டதா என்று தானே முகர்ந்து பார்த்துக்கொண்டாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எப்போதும் எதையாவது கேட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். என் அம்மா மட்டும் என்னைப் பெரியவளாக நடத்துகிறாள் என்று பள்ளியில் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.