மாலை வேண்டாம், கோல் போதும்

கோலாட்டம் பழக்குகிறவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். எனக்கு இருக்கிறது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைமடுவத்து முற்றத்தில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மாரியம்மன் திருவிழா நெருங்கினால் என் சத்தம் மேல் லயத்து வீடுகள் வரை கேட்குமாம்.

அந்தச் சிறுமியை நான்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகில் படிக்கிற பிள்ளை. மணியடித்து வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் லயத்து வாசல்தான். நாங்கள் ஆடுவதை வேலியோரம் நின்று பார்ப்பாள். மலையிலிருந்து இறங்கிவந்த அவள் தாயை ஒருநாள் வழிமறித்தேன்.

"அடுத்த சனிக்கிழமை இவள அனுப்புங்க."

தாய் கொழுந்துச் சாக்கை இறக்கவேயில்லை. "அவளுக்கு வெளங்காது டீச்சர். மத்த புள்ளைங்க ஆட்டமும் கெட்டுப்போகும்."

"கெட்டா நான் பாத்துக்கிறேன். நீங்க அனுப்புங்க."

சும்மா வீம்புக்குச் சொல்லவில்லை. சட்டையை அளவெடுத்துத் தைக்கிற மாதிரி ஆட்டத்தையும் பிள்ளைக்கு அளவெடுத்துத் தைக்கலாம், எனக்குத் தெரியும். வந்த முதல் நாளே கோல் சத்தம் அவளுக்கு ஆகவில்லை, காதைப் பொத்திக்கொண்டாள். எல்லாக் கோல்களிலும் பழந்துணியைச் சுற்றினோம். சோடி மாறும்போது எந்தப் பக்கம் போவதென்று தடுமாறினாள். உள்வட்டம் நிற்கட்டும், வெளிவட்டம் மட்டும் சுற்றட்டும் என்று மாற்றினேன். உள்வட்டத்தில் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள், சோடிகள் அவளிடம் வந்தார்கள். பாட்டையும் கொஞ்சம் மெதுவாக்கினேன். சில வாரங்களில் அவள் கோலடி தாளத்தோடு விழத் தொடங்கியது.

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை, ஆட்டம் பழகும் நேரத்தில் கோயில் தலைவர் வந்தார். நல்ல மனிதர், அதுதான் தொல்லை.

"அந்தப் புள்ளைய நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு டீச்சர். தடுமாறினா சனம் சிரிக்கும். மாலை போட்டு, முன்னுக்கு ஒரு கதிரையில ஒக்கார வச்சு, பரிசு ஒன்னு குடுத்துருவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலைவரே, அவ ஆட வந்தவ. மாலை போடுறதுன்னா ஆடுற எல்லாருக்கும் போடுங்க. இல்லாட்டி ஒருத்திக்கும் வேணாம்."

"கோவிக்காதீங்க. தாய்க்கும் அதுதான் விருப்பமாம்."

தாய் பக்கத்தில்தான் நின்றாள். "கதிரையில இருந்தா யாரும் எம்புள்ளையப் பாத்து சிரிக்க மாட்டாங்க டீச்சர்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

தலைவரை நான் அடக்கிவிடுவேன். பெற்றவளை அடக்க எனக்கு என்ன உரிமை? "இன்னைக்கு ஆடுறத ஒருக்கா பாருங்க. அப்பவும் கதிரைதான் வேணும்னா நானே தூக்கிட்டு வந்து போடுறேன்" என்றேன். பாட்டை உரக்கவே எடுத்தேன்.

வட்டம் சுற்றியது. முதல் இரண்டு சோடிக்கும் சிறுமி ஒழுங்காக அடித்தாள். பிறகு பராக்குப் பார்த்துக்கொண்டு கோலைத் தூக்கவே மறந்துவிட்டாள். எதிரே வந்து நின்றவள் எங்கள் கூட்டத்திலேயே பெரிய வாயாடி. கோலை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள்.

"ஏய், எங்க பாக்குற? ஒன்னால நானும் நிக்கிறேன். கோலத் தூக்கு."

பாட்டு நின்றது. தலைவர் முகம் சுருங்கியது. வாயாடியைக் கண்டிக்க ஓரடி எடுத்தும் வைத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

சிறுமி அவளை முறைத்தாள். "நீதான் லேட்டா வந்த" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு கோலை ஓங்கி அடித்தாள். வாயாடி பதிலுக்கு அடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். நான் பாட்டைத் தொடர்ந்தேன்.

ஆட்டம் முடிந்து திரும்பினால், தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகிறாளென்று பதறிக் கிட்டப் போனேன். அழத்தான் செய்தாள், ஆனால் சிரிப்பையும் அடக்க முடியவில்லை அவளுக்கு.

"பாத்தீங்களா டீச்சர்," என்றாள். "பாவம்னு விடாம எம்புள்ளைய ஒருத்தி ஏசிட்டா."