வாசல் சரிவில் நான்கு குழிகள்

அன்று இருந்தவர்கள் ஏழு பேர். மேஸ்திரி, அவரோடு வந்த சித்தாள் பெண்கள் இருவர், கலவை போடுகிற ஆள், என் மனைவி, முன்னறைக் கட்டிலில் அப்பா, நான்.

தெருவில் புது சிமெண்ட் ரோடு போட்டிருந்தார்கள். பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே போட்டதில் தெரு ஒரு அடி உயர்ந்துவிட்டது. வண்டி ஏறி இறங்கும் எங்கள் வாசல் சரிவு பள்ளமாகிப் போனது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வந்து அப்பாவின் கட்டிலுக்கு அடியில் நின்றது. என் லோடு ஆட்டோவுக்கும் அடி தட்டியது. மலையடிவாரத்திலிருந்து மரவள்ளி ஏற்றுகிற வண்டி, அதுதான் சோறு.

பழைய சரிவை உடைத்து, மண் கொட்டி உயர்த்தி, கம்பி கட்டிப் புதிதாகப் போட, பொருளும் கூலியும் சேர்த்து மேஸ்திரி இருபத்தெட்டாயிரம் கேட்டார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்தேன். நாலு தடவையும் அதேதான் வந்தது. பன்னிரண்டாயிரம் முன்பணம் கொடுத்தேன்.

கம்பி விரித்த பிறகு மேஸ்திரி கேட்டார்.

"தம்பி, பந்தல் கால் நட நாலு பைப்பு துண்டு பொதைச்சி வுட்டுடட்டுமா? நல்லதுக்கும் ஆவும், கெட்டதுக்கும் ஆவும்."

எங்கள் பக்கம் எல்லோரும் விடுவதுதான். ஆனாலும் உள்ளே மனிதர் படுத்துக் கிடக்கிறார், வாசலில் குழி வைத்துக்கொண்டு காத்திருப்பதா?

"வாணாங்க மேஸ்திரி."

கட்டிலிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "டேய், வுடச் சொல்லுடா. நாளைக்கி எனக்குப் பந்தல எங்க போடுவ? பக்கத்து வூட்டு மாடியிலயா?"

"சும்மா கெடப்பா."

"பைப்பு துண்டு இன்னா வெலடா? ஒங்கப்பனுக்கு அதுகூட ஜாஸ்தியா?"

சித்தாள் பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். கலவையைக் கொட்டிவிட்டார்கள். சாயங்காலம் ஒன்பதாயிரம் கொடுத்தேன். தளம் இறுகிய பிறகு மீதி ஏழாயிரம் என்று பேச்சு.

மறுநாள் தளத்தின் மேல் மண்ணால் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினேன். நாய் மிதிக்குமோ, மாடு மிதிக்குமோ என்று வெளியே வந்து வந்து பார்த்தேன். ஆறாம் நாள் காலை அப்பா எழுந்திருக்கவில்லை.

சொந்தக்காரர்கள் உட்கார இடம் வேண்டும் என்று யாரோ பாத்தியை வெட்டித் தண்ணீரை வெளியேற்றினார்கள். பந்தல்காரர் வந்து தளத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"குழி எங்கண்ணா?"

"வுடல."

டிரம்மில் மணல் போட்டுப் பந்தல் காலை நடலாமே என்றேன்.

"தகரப் பந்தல்ணா. காத்து அடிச்சா தூக்கிக்கினு பூடும்."

கடப்பாரையை எடுத்தார். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து குத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் குழிக்கு நாற்பத்தொன்று. அதற்கு மேல் எண்ணவில்லை. அழுகையும் வரவில்லை. குழிக்குக் குழி விரிசல் ஓடியிருப்பதாக மனைவி வந்து சொன்னாள். மேஸ்திரி மாலையோடு வந்தார். விரிசலை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தார்.

கருமாதி முடிந்த மறுவாரம் அவர் திரும்பவும் வந்து விரிசலைக் காலால் தேய்த்துப் பார்த்தார்.

"முழுசா ஒடச்சிப் போட்டா மறுபடியும் இருவதுக்கு மேல ஆவும். வாணாம் தம்பி. வெட்டிப் பூசிடறேன், ரெண்டாயிரத்து ஐநூறு குடு."

"சரிங்க."

"குழிய அடைச்சிடட்டுமா, பைப்பு வெச்சிடட்டுமா?"

மனைவி கதவோரம் நின்றிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

"வைங்க."

நாலு பைப்பு வைத்து அவற்றின் வாயில் சாக்குத் துணி அடைத்தார். வண்டி இப்போது தட்டாமல் ஏறுகிறது. மழைத் தண்ணீர் உள்ளே வருவதில்லை. கட்டில் கிடந்த இடம் காய்ந்து கிடக்கிறது.

பழைய பாக்கி ஏழாயிரம், இது இரண்டாயிரத்து ஐநூறு. அதில் மூவாயிரம் கொடுத்தேன். மேஸ்திரிக்கு இன்னும் ஆறாயிரத்து ஐநூறு ரூபாய் தர வேண்டும்.