வளைவை நிமிர்த்தச் சொன்னவர்

துறைமுகத்துக்குள் சரக்குப் பெட்டிகளை இழுத்துப் போகும் என்ஜினுக்கு முன்னால் பச்சைக் கொடியோடு நடப்பவர் அவர். ஒடிசலான உடம்பு, வெளிறிய காக்கிச் சட்டை, கழுத்தில் செபமாலை. என்ஜின் நகருமுன் குந்தியிருந்து, தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கொட்டாஞ்சேனையிலிருந்து வேலைக்குப் போகும் நான், அடைத்த ரயில் கேற்றடியில் நின்று தினமும் அதைப் பார்ப்பேன்.

புதிய தொழிற்சாலைகளின் சரக்கு பெருகியதால் ரயிலை இரட்டிப்பு நீளமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பிறகு ஒருநாள், தண்டவாளம் வளைந்து போகும் ஓரத்தில் அவர் குடியிருந்த வரிசை வீடுகளின் சுவர்களில் சிவப்பு இலக்கங்கள் எழுதப்பட்டிருந்தன.

"உங்கட வீட்டையும் உடைக்கிறாங்களா, அண்ணே?"

"ஓம் தம்பி. நான்தான் சொன்னனான்."

எனக்கு விளங்கவில்லை.

"அந்த வளைவில நீட்டு ரயில் தடம் புரளும், லைனை நேராப் போடுங்கோ எண்டு இஞ்சினியர் ஐயாவிட்ட சொன்னனான். இவ்வளவு வருசமா என்ட சொல்லை ஆரும் கேட்டதில்லை. இதைக் கேட்டிட்டாங்கள்."

"நேராப் போட்டா வீட்டுக்கு மேலால வரும் எண்டு யோசிக்கேல்லையா?"

"லைனை மட்டும்தான் யோசிச்சனான்." குரலைத் தாழ்த்தினார். "வரிசையில ஆருக்கும் தெரியாது. என்ட மனிசிக்கும் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ."

நான் யாருக்கும் சொல்லவில்லை.

இப்போது அந்த நேர்ப்பாதையில் நீண்ட ரயில் ஆடாமல் அசையாமல் போகிறது. தன் வாசல் இருந்த இடத்தில் அவர் குந்தியிருந்து, தண்டவாளத்தில் கை வைக்கிறார். முன்பைவிட அதிக நேரம் வைத்திருக்கிறார். என்ஜின் ஹோர்ன் அடித்த பிறகுதான் எழுந்து பச்சைக் கொடியைக் காட்டுகிறார்.