அக்கா வீட்டுப் பக்கச் சுவர்

ஐம்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நெடுங்கேணிப் பக்கம் குளத்தின் கீழ் கிடைத்த காணியில் நானும் இவரும் குடியேறினோம். எங்கள் குசினிக்கு இடுப்பளவு மண்சுவர், மேலே கிடுகுக் கூரை. இரண்டுக்கும் நடுவில் வெறும் வெளி.

அந்த வெளியால்தான் பக்கத்துக் காணி அக்காவின் குரல் வரும். இடையில் ஓலை வேலி. ஆளை ஆள் தெரியாது.

"பிள்ளை, இண்டைக்கு என்ன கறி?"

"கத்தரிக்காய் அக்கா."

"நேற்றும் அதுதானே! உன்ரை மனுசன் கத்தரிக்காயாக் காய்க்கப் போறார்."

முகத்துக்கு நேரே நின்றால் எனக்குக் கதை வராது. சின்னனிலிருந்தே அப்படித்தான். அக்காவிடம் மட்டும், அடுப்பை ஊதிக்கொண்டே, அம்மாவை நினைத்து அழுததைக்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரலுக்கு இந்த வயதிலும் காது ஏங்குகிறது.

அதே வெளியால் மழைச் சாரலும் வந்தது, குரங்கும் வந்தது. சட்டி பானை வைக்க இடமில்லை. குரங்கு மாப்பானையைக் கவிழ்த்த பிறகு, சிறுபோகம் நல்லாய் விளைந்த வருசம், இவர் மேசனைப் பிடித்துக் குசினியைத் திருத்தினார். அடுப்பை மேடையில் ஏற்றி, கீழே விறகு அடுக்க இடம் விட்டார்கள். வேலிப் பக்கச் சுவரைக் கூரை வரைக்கும் உயர்த்தி, முதிரைப் பலகையில் தட்டுகள் அடித்தார்கள்.

"யன்னல் எங்கை வைக்கிறது தங்கச்சி?" என்று மேசன் என்னைத்தான் கேட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அவவுக்கு எங்கையெண்டாலும் சரி. கிணத்துப் பக்கம் வையுங்கோ" என்றார் இவர்.

வடிவாய்த்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. மல்லிக்கு ஒரு பேணி, மிளகாய்க்கு ஒரு பேணி. குனியாமல் சமைத்தேன். ஆனால் சுவருக்கு அப்பாலிருந்து அக்காவின் சத்தம்தான் வந்தது, சொல் விளங்கவில்லை. வேலியடியில் போய் நின்று கதைத்திருக்கலாம்தான். வேலையோடு வேலையாய் வந்த கதை, அதற்கென்று போய் நின்றால் வரவில்லை.

மாரி தொடங்கும்போது நான் முழுகாமல் இருந்தேன். முதல் பிள்ளை. இவருக்கும் சொல்லவில்லை. அக்காவிடம்தான் முதலில் சொல்ல ஆசை.

ஒரு நாள் அக்கா வாசல் படலையால் சுற்றிக் குசினி பார்க்க வந்தார். பலகைக்கட்டை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். எதிரே இருந்து என் முகத்தையே பார்த்தார்.

"என்னடி, உன்ரை வாய்க்கும் சேர்த்தே சுவர் கட்டினவர்?"

சிரித்தேன்.

"ஏதோ சொல்ல வாறாய். சொல்லன்."

"ஒண்டுமில்லை அக்கா."

அவர் தட்டுகளைத் தடவிப் பார்த்தார். "ராசாத்தி மாதிரி வைச்சிருக்கிறாய், வாறன் பிள்ளை" என்று எழும்பிப் போனார்.

படலை சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அடுப்படியில் நின்று, பேணிகள் அடுக்கிய சுவரைப் பார்த்து, "அக்கா, நான் முழுகாமல் இருக்கிறன்" என்றேன். வழமையாய்க் கதைக்கும் குரலில்தான் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அக்கா மிளகாய் இடிக்கத் தொடங்கினார்.