பாக்கெட்டின் பின்பக்கம்

என் ப்ளாக் கணக்கு ஒரு பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது. இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வலது பக்கம்தான் சீக்கிரம் நிறையும். ப்ளாக் இருக்கிற இடத்துக்கு வருஷ வாடகை, இன்டர்நெட், லேப்டாப் பேட்டரி, சமைத்துப் பார்த்துப் படம் எடுக்க வாங்கும் சாமான். வரவு என்றால் விளம்பரத்தில் சொட்டுச் சொட்டாக வருவதும், எப்போதாவது ஒரு கம்பெனி தன் பொருளைப் பற்றி எழுதச் சொல்லிக் கொடுப்பதும்தான்.

நான் படித்தது ஃபாரம் த்ரீ வரை, அதாவது ஒன்பதாம் வகுப்பு. கரங்கான் என்கிற சின்ன ஊரில் இருந்துகொண்டு எட்டு வருஷமாக விரதச் சமையல் எழுதுகிறேன். எது வந்தாலும் பத்தில் ஒரு பங்கை முதலில் மஞ்சள் துணியில் பெருமாளுக்கு முடிந்துவிடுவேன். செலவைக் கழித்த பிறகு இல்லை, முன்னாலேயே.

"செலவு போக மிச்சத்துல குடுத்தா என்ன?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். கூலிமுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர். "அப்புறம் மிச்சமே இல்லைன்னா, சாமிக்கு நான்தான் பில்லு அனுப்பணும்" என்பேன்.

போன புரட்டாசியில் ப்ளாக் வாடகை கட்ட வேண்டிய நேரம். முந்நூற்று ஐம்பது வெள்ளி. மாசக் கடைசிக்குள் கட்டாவிட்டால் எட்டு வருஷம் எழுதியது அத்தனையும் போய்விடும். கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஒரு சாம்பார் பொடிக் கம்பெனிக்காரத் தம்பி கூப்பிட்டார். புரட்டாசிக்காக எழுதினால் நானூறு வெள்ளி. பெருமாளே அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டேன்.

பொடி மணமாகத்தான் இருந்தது. வியாழக்கிழமை எழுதினேன், அன்றைக்கே பணமும் வந்தது. நாற்பது வெள்ளியை முடிந்தேன். மிச்சத்தை வாடகைக்கு ஒதுக்கினேன்.

சனிக்கிழமை மதியம் பெண்டாங்கிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். நேரில் பார்த்ததில்லை. ஆரம்பத்திலிருந்து என் ப்ளாக்கைப் படிக்கிறவர்.

"தங்கச்சி, அந்தப் பாக்கெட்ட திருப்பிப் பாத்தியா?"

"ஏன்க்கா?"

"பின்னாடி மலாயில ஈக்கான் பிலிஸ்னு போட்டிருக்கு. சாப்ட்டு முடிச்ச பிறகு மருமக படிச்சுக் காட்றா. நான் பெருமாளுக்குப் படைச்சிட்டேன்மா."

அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்தேன். முன்பக்கம் தமிழ் எழுத்து, பெரிய நாமம். பின்பக்கம் எறும்பு மாதிரி மலாய் எழுத்து. கையை நீட்டி வெளிச்சத்தில் பிடித்த பிறகுதான் தெரிந்தது. நெத்திலிப் பொடி. மலாய் எனக்குப் படிக்கத் தெரியும். நாமத்தைப் பார்த்ததும் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அக்கா திட்டவில்லை. "நீ எழுதினா சரியா இருக்கும்னு வாங்கினேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். "ஐயோ அக்கா, விரதம்ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க லா. சாதாரண நாள் சமையலுக்குன்னு மாத்துங்க. காசு உங்களுக்குத்தான்."

போனை வைத்துவிட்டு அரிசி களைந்தேன், துணி மடித்தேன். ஒரு வார்த்தையை எடுத்தால் வாடகை கட்டிவிடலாம். ஆனால் அந்த அக்கா மறுபடியும் வந்து பார்ப்பாரே. படைத்ததையும் மாற்றி எழுத முடியுமா?

வீட்டுக்காரர் சாப்பிட வந்ததும் சொன்னேன். அவர் சாமி மேடையைப் பார்த்தார்.

"அப்ப அந்த முடிச்சுல இருக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க வேண்டியது நானூறு. என்னிடம் இருப்பது முந்நூற்று அறுபது. மிச்ச நாற்பது பெருமாளிடம் இருக்கிறது. முடிந்த காசை நாங்கள் எடுப்பதில்லை. நெத்திலி விற்ற காசைச் சாமிக்கு வைப்பதுமில்லை.

"எடுத்துடு. அவருக்கும் அது வேணாம்" என்றார்.

குளித்துவிட்டு விளக்கேற்றி முடிச்சை அவிழ்த்தேன். துணியை மஞ்சள் தண்ணீரில் அலசி, தப்புக்காக ஒரு வெள்ளியை முடிந்து வைத்தேன். அது என் சமையல் காசு. மறுநாள் நாற்பதையும் பேங்கில் போட்டு நானூறையும் திருப்பி அனுப்பினேன். அந்தப் பதிவை எடுத்துவிட்டு, அதே இடத்தில், 'நான் பின்பக்கம் பார்க்கவில்லை, மன்னியுங்கள்' என்று நடந்ததை எழுதினேன்.

வாடகைக்கு வழியில்லை. ப்ளாக்குக்கு இடம் கொடுத்தவர்களிடம் கேட்டுப் பார்த்ததில் மாசாமாசம் முப்பத்தெட்டு வெள்ளி கட்டலாம் என்றார்கள். வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் நூறு வெள்ளிக்கு மேல் கூடுதல். கையில் காசு இல்லாதவர்கள் அரிசியைச் சில்லறையாக வாங்குகிற கதைதான். சரி என்றேன். ஒவ்வொரு மாசமும் இந்த மாசம் முடியுமா என்று பார்த்துத்தான் கட்டுகிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வாரமே கூலிமில் படிக்கிற கண்ணாடி ஒன்று வாங்கினேன். இருபத்தைந்து வெள்ளி. வலது பக்கத்தில் எழுதியதை வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"கண்ணாடியும் ப்ளாக் செலவா?"

"ஆமாங்க. அதுதான் முதல்ல வாங்கியிருக்கணும்."