மச்சான் தோளைப் பிடித்தால்தான் ஊசி: வாசுதேவநல்லூர் மலையில் ஒரு நாள்

மலைக் குடியிருப்புகளுக்கு மருத்துவ முகாமோடு போக வேண்டும், என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இந்த மாதம் மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் எழுத எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் கொரோனா இரண்டாம் அலையின்போது போய்வந்த ஒரு நாள் பயணத்தை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். நாங்கள் அசடு வழிந்த இடத்தையும் மறைக்கப்போவதில்லை.

நான் சங்கரன்கோவிலில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன். மலையேறுவது என் கிறுக்கு. அந்த ஊரடங்கில் தறிகள் எல்லாம் நின்று, ஊரே காது அடைத்தது போல இருந்தது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேரைப் பறிகொடுத்திருந்தோம். கடையைத் திறக்க வழியில்லாமல் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்த என்னைத் தேடி ராமலட்சுமி அக்கா வந்தார். அவர் கிராமச் செவிலியர். அடிவாரத்துக் கிராமங்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

"தம்பி, வாசுதேவநல்லூருக்கு மேல ஒரு பளியர் குடியிருப்பு இருக்கு. இதுவரைக்கும் அங்கன ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. இன்னும் மூணு வாரத்துல எல்லாரும் எலுமிச்சைத் தோப்பு வேலைக்குக் கீழ இறங்குதாவ. அதுக்கு முன்னால ஒரு ஊசியாவது போட்டுறணும். ரெண்டு தடவ போய்ட்டேன். ஒருத்தர்கூட கைய நீட்டல."

விஷயம் எனக்கு உடனே உறைத்தது. தோப்பில் ஒருவருக்கு ஒட்டினால் போதும், அது மலைக்கு ஏறிவிடும். மலையில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் கட்டிலில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க நாலு மணி நேரம் ஆகும். கீழே இருப்பவனுக்கே ஆக்சிஜன் படுக்கை கிடைக்காத நாட்கள் அவை. அந்தச் சின்னக் குடியிருப்பு ஒரே மாதத்தில் பாதி காலியாகிவிடும் என்று அக்கா பயந்தார். அதற்குமுன் அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. குடியிருப்பின் மூத்தவர் பொன்னன். அவருடைய கூடப்பிறந்த தம்பி கணேசன் புளியங்குடிப் பக்கம் ஒரு தோப்பில் காவலுக்கு இருந்தான். தோப்புக்காரர் அழைத்துப்போய் அவனுக்கு ஊசியும் போட்டிருந்தார். சொந்தத் தம்பியே வந்து சொன்னால் அண்ணன் கேட்காமல் இருப்பாரா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எல்லோரும் பரிசோதனை செய்து, தொற்று இல்லை என்று முடிவு வாங்கிக்கொண்டோம். காலை 5.20க்கு ஜீப் புறப்பட்டது. போகவர வாடகை 2,800 ரூபாய். புளியங்குடியில் கணேசனை ஏற்றிக்கொண்டு வாசுதேவநல்லூர் போனபோது 6.15. ஒரு டீக்கடை கூடத் திறக்கவில்லை. அக்கா பிளாஸ்கில் கொண்டுவந்த சுக்குக் காப்பிதான் அன்றைய காலை உணவு. 6.40க்கு வனத்துறைச் சோதனைச் சாவடி. அக்கா வாங்கிவைத்திருந்த அனுமதிக் கடிதத்தைப் படித்துப் பார்த்த காவலர், மாலை ஆறு மணிக்குள் இறங்கிவிட வேண்டும், அதற்குமேல் யானை நடமாட்டம் என்றார்.

அங்கிருந்து 6 கிலோமீட்டர் நடை. முதல் இரண்டு கிலோமீட்டர் நல்ல பாதை. பிறகு ஓடையை இரண்டு முறை கடக்க வேண்டும். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் செங்குத்து. முட்டி உள்ளவர்கள் கவனம், எனக்கு இருந்த முட்டி அன்றோடு சரி. தடுப்பூசிப் பெட்டியை அக்கா கடைசிவரை யாரிடமும் தரவில்லை. உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் இரண்டு குப்பிகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேருக்கு மருந்து. குப்பியைத் திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் பத்துப் பேர் சேராமல் திறக்க மாட்டார்.

10.05க்குக் குடியிருப்பு. பதினொரு வீடுகள், ஊசி போடும் வயதில் இருபத்து மூன்று பேர். மரத்தடியில் எல்லோரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். கணேசன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டி நன்றாகவே பேசினான். பொன்னன் முழுதும் கேட்டார். பளியர்கள் சண்டைக்கு வர மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கால் மணி நேரத்தில் மரத்தடியில் நாங்களும், பொன்னனும், அவர் மனைவி செல்லியும்தான் மிச்சம்.

அக்கா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. செல்லி மட்டும் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தம்பிகாரன் சொல்லக் கேட்டு எவனாவது கயித்துல இறங்குவானா?"

அப்புறம்தான் விளக்கினார். மலைத்தேன் எடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்குவார்கள். மேலே கயிற்றைப் பிடிப்பவன் கூடப்பிறந்தவனாக இருக்கக் கூடாது. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். பங்காளிக்கு ஏதாவது மனக்கணக்கு இருக்கலாம். தன் தங்கை தாலியை அறுக்க எந்த மச்சானும் கயிற்றை விட மாட்டான். உயிர் சம்பந்தப்பட்ட எதற்கும் அங்கே மச்சான் சொல்தான் செல்லும். நாங்கள் தேடித் தேடி, தப்பான ஆளையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்!

"எங்க அண்ணன் மாடசாமி தேன்பாறைல இருக்காரு. அவரு சொல்லட்டும், பாப்போம்" என்றார் செல்லி.

தேன்பாறை இன்னும் 2 கிலோமீட்டர் மேலே. அக்காவைப் பெட்டியோடு நிழலில் விட்டுவிட்டுச் செல்லிக்குப் பின்னால் ஏறினேன். அவர் வீட்டு முற்றத்தில் நடப்பது போல நடந்தார், நான் நாலு காலில் தவழ்ந்தேன். ஐம்பது நிமிடம். பாறையின் தலையில் ஒருவர் உட்கார்ந்து கயிற்றைச் சாண் சாணாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாடசாமி. நான் பத்தடி தள்ளியே நின்று விஷயத்தைச் சொன்னேன்.

"ஊசி போட்டா என்ன ஆகும்?"

"ரெண்டு நாள் காய்ச்சல் வரலாம். கை வலிக்கும்."

"ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொல்லியிருந்தா நான் வரமாட்டேன்" என்று எழுந்தார். இரண்டடி நடந்ததும் திரும்பிக் கேட்டார்: "உனக்குப் போடும்போது யாரு புடிச்சிருந்தா?"

"யாரும் இல்ல. டோக்கன் வாங்கி வரிசையில நின்னேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம். நாதியற்றவன் என்று முடிவு செய்துவிட்டார்.

12.50க்கு மரத்தடிக்கு வந்தோம். மாடசாமி அக்காவிடம் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். பிறகு பொன்னனை உட்காரவைத்து, பின்னால் நின்று, இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போடுங்க" என்றார். வீடுகளுக்குள்ளிருந்து தலைகள் நீண்டன. அக்கா அப்போதும் குப்பியைத் திறக்கவில்லை. "பத்துப் பேரு வேணும்யா" என்றார். மாடசாமி திரும்பி ஒரு குரல் கொடுத்தார், அவ்வளவுதான். எழுந்து போனவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

பொன்னனுக்கு முடிந்ததும் இடம் மாறியது. மாடசாமி கட்டியிருப்பது பொன்னனின் தங்கையை, அதனால் இப்போது பொன்னன் பிடித்தார். அதன்பின் மரத்தடி கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவரும் தன் மச்சானைத் தேடி இழுத்துவந்தார். மூன்று மச்சான்கள் உள்ள ஒருவரை மூன்று பேரும் சேர்ந்து அமுக்கியதில் ஊசி போட இடமில்லாமல் அக்கா அதட்ட வேண்டியிருந்தது. பெண்களுக்கு யார் பிடிப்பது என்று நான் கேட்டேன். செல்லி கையை நீட்டியபடியே, "நாங்களா பாறைல தொங்குதோம்? எங்களுக்கு எதுக்குப் புடி?" என்றார்.

2.20க்கு இருபதாவது ஊசி. மிச்சம் மூன்று பேர்தான், அவர்களைக் கீழே சாவடிக்கே வரச்சொல்லி நாள் குறித்தோம். அக்கா காலிக் குப்பிகள் இரண்டையும் தூக்கிப் பிடித்து, "தம்பி, சொட்டு மிச்சமில்ல பாத்துக்க!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. நானும் விசில் அடித்தேன். நாற்பத்தாறு வயதில் விசில் அடிக்கக் கூடாது என்று சட்டமா என்ன?

அரை மணி நேரம் எல்லோரையும் கண்காணித்துவிட்டு இறங்கினோம். கணேசன் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, பிடிக்கப் பெண்டாட்டி வழி மச்சான் இல்லை. கதையைக் கேட்ட ஜீப் ஓட்டும் அண்ணாச்சி, "ஏலே, மொதல்ல ஒரு பொண்ணப் பாருவே. அடுத்த ஊசிக்காவது ஆள் வேணும்லா" என்று வழியெல்லாம் சீண்டியதில் புளியங்குடி வருவதற்குள் அவனும் சிரித்துவிட்டான். இரவு 7.10க்குச் சங்கரன்கோவில்.

போக நினைப்பவர்களுக்கு: இப்போது வாசுதேவநல்லூர் வரை பேருந்திலேயே போகலாம், அதற்குமேல் வண்டி பேசிக்கொள்ளுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காலடி வைக்காதீர்கள். லேசான சளி இருந்தாலும் பயணத்தை ரத்து செய்யுங்கள். உங்களுக்குச் சாதாரண இருமல், அங்கே அது சாதாரணமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடை கடக்க முடியாது. அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். முக்கியமாக, என்னைப் போல வீட்டில் உட்கார்ந்தே யோசனை பண்ணிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் யார் பேச்சை நம்புவார்கள் என்று போனதும் முதல் வேலையாகக் கேளுங்கள்.

பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குள் எலுமிச்சைப் பறிப்பு முடிந்திருந்தது. மலையிலிருந்து இறங்கிய இருபத்து மூன்று பேரும் நல்லபடியாகக் குடியிருப்புக்குத் திரும்பியிருந்தார்கள். இந்த முறை அவர்களே சாவடிக்கு வருவதாகச் சொல்லியிருந்ததால் அக்கா மூன்று குப்பிகளோடு தனியாகப் போயிருந்தார். எட்டரை மணிக்கு எனக்குப் போன்.

"தம்பி, ஆஸ்பத்திரில சொல்லிட்டேன். இன்னும் மூணு குப்பி வாங்கிட்டு பைக்க எடுத்துட்டு ஓடியா."

"ஏன்க்கா? இருபத்து மூணு பேர்தானே?"

"மாடசாமியோட பெரிய தங்கச்சிய மலைக்கு அந்தாண்ட கட்டிக் குடுத்திருக்காவளாம். அங்கன ஒரு குடியிருப்பு இருக்குன்னே நம்ம ஆபீஸ்ல எவனுக்கும் தெரியாது. ராத்திரியே கிளம்பி நடந்து வந்திருக்காவ. மொதல் ஊசிக்கு முப்பது பேரு, தோளப் புடிச்சுக்கிட்டு நிக்காவ!"